செவ்வாய்க்கிழமைக் குடம்

அந்தக் காலத்துக் கிணற்றுத் தண்ணீர் அமிர்தம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்ச் செருப்பைத் தேடுவது வழக்கம். போன மாதம் ஓய்வூதியர் கூட்டத்தில் தேடியும் கிடைக்கவில்லை. யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். உட்கார்ந்து முழுதும் கேட்க வேண்டியதாயிற்று. நம் தெருக்களின் சுகாதாரம் என்பது அன்றைய தலைப்பு. பேசிய நால்வரும் ஒரே மாதிரி, அப்போதெல்லாம் நோயே கிடையாது, குளோரின் வந்த பிறகுதான் எல்லாம் வந்தது என்றார்கள். சுகாதாரத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் என்பதால் கூட்டத்தை நடத்திய நீங்கள் என்னையும் பேசச் சொன்னீர்கள். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. பேசினால் பெயர்களைச் சொல்ல வேண்டிவரும். எழுதினால் உறவுமுறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் ஒரு கிணறு. அதன் தண்ணீருக்குப் பெரிய பேர். அதில் பருப்பு பூப்போல வேகும், அதில் போட்ட காபிக்கு நிறமே வேறு என்பார்கள். எதிர்வீட்டு அத்தை சொந்த அத்தை அல்ல, அழைக்கிற முறைக்கு அத்தை. அவள் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டில் காபிக் கடை. கடைக்கும் இந்தத் தண்ணீர்தான் தள்ளுவண்டியில் போகும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டம் பஸ் மாறும்போது அந்தக் கடையில்தான் நிற்கும். அத்தையின் பெண் என் வகுப்பு. இருவரும் ஒரே பெஞ்சு, ஒரே பக்கம் பின்னல், மாங்காயைக் கடித்தால் பாதி அவளுக்கு.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறைகள் விளக்கு வைத்த பிறகும் ஊர்மேல் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தன. கிணற்றில் தண்ணீர் இறங்கி, வாளி சேற்றைத் தொட்டு வந்தது. எங்கோ பக்கத்து ஊரில் வாந்திபேதி என்று செய்தி வந்ததும் பேரூராட்சியிலிருந்து பிளீச்சிங் பவுடர் போட ஆரம்பித்தார்கள்.

முதல் வாரமே கலகம்.

"காபி வாயில வெக்க முடியல. நேத்து ஒருத்தன் ஒரு வாய் குடிச்சிட்டு, தம்ளர அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டான்" என்றாள் அத்தை.

"சோறு நாறுது" என்றாள் மூலையில் மாவு மில் வைத்திருந்த வீட்டு மருமகள். "எங்க மாமனாரு தட்ட தூக்கிப் போட்டாரு. ஆசுபத்திரில உக்காந்து துண்ற மாதிரி இருக்குதுன்றாரு."

"மனுஷன் குடிக்கற தண்ணில கக்கூஸுக்கு ஊத்தற மருந்த போடச் சொல்லி எவன்டி சட்டம் போட்டது?" என்றாள் இன்னொருத்தி.

சட்டம் போட்டவன் யார் என்று பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். எத்தனை தண்ணீருக்கு எத்தனை பவுடர், முதலில் வாளியில் குழைத்துத் தெளிய வைத்து மேல்தண்ணீரை மட்டும் இறக்க வேண்டும், எல்லோரும் எடுத்து முடித்த மாலையில் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அப்போது தெரிந்தது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வருவார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் வாங்கி, அதில் சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளானால் பவுடர் போட்டிருக்கிறது. நிறம் மாறாவிட்டால் போடவில்லை. எங்களுக்கு அது வித்தை மாதிரி இருந்தது.

அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். இன்ஸ்பெக்டரிடம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மிகவும் பொறுப்பாகப் பேசினாள்.

"உங்க ஆளு காலைல வந்து போட்டுட்டுப் போயிட்றான் சார். அப்புறம் ரெண்டு மணி நேரம் நாங்க தண்ணி எடுக்க முடியல. பொட்டலத்த எங்கிட்ட குடுத்துடுங்க. சாயங்காலம் எல்லாரும் எடுத்தப்புறம் நாங்களே போட்டுக்குறோம்."

விதிப்படி பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அதனால் அவரும் சரி என்றார். பொட்டலங்கள் அத்தை வீட்டுக்கு வந்தன. அத்தை அவற்றைக் கொல்லைப்புறச் சாக்கடையில் கொட்டினாள். அந்தக் கோடையில் செஞ்சியிலேயே சுத்தமான சாக்கடை எங்கள் தெருச் சாக்கடையாகத்தான் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் ஒரு குடம். இடுப்பில் பள்ளம் விழுந்த பழைய அலுமினியக் குடம். மற்ற நாட்களில் அத்தை வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். செவ்வாய் விடிந்ததும் அதில் தண்ணீர் நிரப்பி, அரை ஸ்பூன் பவுடரைக் கலந்து தெளிய வைப்பாள். பிறகு கிணற்றடியில் வெறும் தண்ணீரை ஊற்றி, ராட்டினக் கயிற்றையும் நனைத்துவிடுவாள், அப்போதுதான் இறைத்தது போல இருக்க வேண்டும் என்று. நான் குடத்தோடு நிற்க வேண்டும்.

"ஏன் அத்த, இவ நிக்கக்கூடாதா?" என்று என் சிநேகிதியைக் காட்டிக் கேட்டேன்.

"அவ இளிச்சிடுவா. ஒனக்குத்தான் ஜட்ஜு மூஞ்சி."

சிநேகிதி அப்போதே இளித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஏன் தானே ஒரு வாளி இறைத்துப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரியும். எங்கள் கிணற்றுக் கயிற்றை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவரும் யாரும் சொல்லாமலே பத்தடி தள்ளி சைக்கிளை நிறுத்துவார். குழாயை நீட்டுவார். நான் மேலிருந்து, விரல் படாமல் ஊற்றுவேன். இதற்கு எங்கள் தெருவில் பேர் மரியாதை. அந்த மரியாதைக்குள்தான் அத்தையின் குடம் அத்தனை வாரமும் பத்திரமாக இருந்தது.

"இப்ப எறச்சதா பாப்பா?"

"ஆமா சார்."

மஞ்சள். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு, "இன்னா க்ளாஸ் படிக்கற?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார். அவர் நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களைக் குழந்தைகளாக நினைக்காமல் பேசுகிற ஒரே பெரியவர் அவர்தான்.

ஒரு செவ்வாய் அத்தைக்கு அவசரம். கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டாள். குழாயில் சொட்டு விட்டதும் மஞ்சளைத் தாண்டி, ஆரஞ்சுப் பழத் தோல் நிறத்துக்குப் போயிற்று.

"இன்னாம்மா, மூட்டையோட கொட்டிட்டீங்களா?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். அத்தையும் சிரித்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து சிநேகிதி சிரித்து இருமினாள். நான் மட்டும் ஜட்ஜு மூஞ்சியோடு நின்றேன்.

இந்த வேலையில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும். கிணற்றில் அந்த நிறம் வராது. குடத்தில்தான் வரும். அவர் அன்றைக்கு நான்கு எட்டு வைத்து, ஒரு வாளி இறைத்துப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நான் வேலையில் சேர்ந்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சொந்தக் கயிறும் சொந்த வாளியும் கொண்டு போனேன். அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், "இந்தம்மா கயிறு கட்டினு ஊர்வலம் வருது" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

வைகாசிக் கடைசியில் ஒரே மழை. மூன்று மணி நேரம் கொட்டியது. தெரு வாய்க்கால் நிரம்பி, கிணற்றின் உடைந்த கைப்பிடிச் சுவர் வழியாக உள்ளே இறங்கியதை நாங்கள் வேடிக்கை பார்த்தோம். கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று தெருவே சந்தோஷப்பட்டது.

மூன்றாம் நாள் மாவு மில் வீட்டுத் தாத்தாவுக்கு ஆரம்பித்தது. அடுத்து அந்த வீட்டுக் குழந்தை. அப்புறம் என் சிநேகிதி. அன்று காலை பள்ளிக்குக் கூப்பிடப் போனபோது அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெள்ளையாக இருந்தது. "தண்ணி குடும்மா, தண்ணி குடும்மா" என்றாள். அத்தை கொடுத்தாள். எந்தத் தண்ணீரை என்று சொல்லத் தேவையில்லை.

அவளை மாட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சலைன் பாட்டில் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது. தாத்தா போய்விட்டார். வயசாளி என்பதால் தெருவில் யாரும் அதைப் பெரிய இழப்பாகப் பேசவில்லை. மேலிடத்தில் பேசினார்கள். வாராவாரம் மஞ்சள் என்று எழுதிய கிணற்றில் எப்படிப் பேதி வரும் என்று மாவட்டத்திலிருந்து கேட்டார்கள். விசாரிக்கப் பெரிய டாக்டர் வருகிறார் என்றார்கள்.

இங்கே என் அப்பாவை, நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பத்திரம் எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். முத்து முத்தான கையெழுத்து. எந்த வில்லங்கத்தையும் நான்கு வரியில் இல்லாமல் செய்துவிடுவார் என்று ஊரில் பேர். தெரு முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிச்சு போடக்கூட மறந்து தலை அவிழ்ந்து கிடந்தது.

"பவுடர் கொண்டாந்து குடுத்தான்ல, அந்த ஆளு மேல சொல்லிடலாம். அவன் கரெக்டா குடுக்கலன்னு சொல்லிடலாம்" என்றாள் மாவு மில் மருமகள்.

"தப்பு. அவன் பாவம், புள்ளகுட்டிக்காரன். வேல போயிடும்" என்றார் நைனா. அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்கு அவர்மேல் பெருமை வந்தது. அது அரைமணி நேரம் நீடித்தது.

எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நல்லா கேளு. இன்ஸ்பெக்டர் பேர எழுதினா அவருக்கு வேல போவும். அத்த பேர எழுதினா போலீஸு வந்து கூட்டிகினு போவும். ஒன் சிநேகிதி ஆசுபத்திரில அம்மா இல்லாம கெடப்பா. ஒன் பேர எழுதினா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது."

"நான் இன்னா பண்ணேன் நைனா? அத்ததானே கலந்துச்சு?"

"நீ மைனரு. ஒம்மேல கேஸே கெடையாது."

"எனக்கும் ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணுமே ஆவாது."

அவர் பொய் சொல்லவில்லை. சட்டப்படி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று உண்மையாகவே நம்பினார். பத்து வயதுப் பெண்ணின் பெயரில் அப்படி என்ன இருக்கிறது, கெட்டுப்போக?

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் பெரிய டாக்டருக்கு நாற்காலி. இன்ஸ்பெக்டர் சுவரோரம் நின்றார். அம்மா அடுப்படியில் அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். நைனா என் வாக்குமூலத்தைப் படித்தார். கிணற்றில் போடும்படி எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் கொடுத்தனுப்பிய பொட்டலங்களை நான் கிணற்றில் போடாமல், நிறம் மாறுவதைப் பார்க்கும் விளையாட்டு ஆசையால் குடத்தில் கலந்து வந்தேன், இது பெரியவர்கள் யாருக்கும் தெரியாது, இனி அவ்வாறு செய்ய மாட்டேன். நான் அப்படிப்பட்ட தமிழை வாழ்நாளில் பேசியதில்லை.

"நீதான் கலந்தியாம்மா?" என்றார் பெரிய டாக்டர்.

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துச் சிரித்தவர் அவர். ஒரு குழந்தை மூன்று மாதம் வாரம் தவறாமல் அளவு பார்த்துக் கலக்காது என்று அவருக்குத் தெரியும், அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சின்னப் பொண்ணு சார். வெளையாட்டுப் புத்தி" என்றார்.

அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றிருந்தது. அம்மா வெளியே வருவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.

"ஆமா சார்" என்றேன்.

காப்பாளர் என்ற இடத்தில் நைனா கையெழுத்துப் போட்டார். சாட்சி இரண்டு பேர். தேதி, இடம், படித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்பு. பிற்காலத்தில் நானே பல விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். அந்தத் தாளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்று சாப்பாட்டில் அம்மா எனக்கு மட்டும் இரண்டு அப்பளம் வைத்தாள்.

அடுத்த வாரமே கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பியது. வாய்க்காலைத் திருப்பி விட்டார்கள். பேரூராட்சி ஆளே மாலையில் வந்து பவுடர் போட்டான். காபி நாறியது, குடித்தார்கள். எங்கள் தெருவின் சுகாதாரம் மேம்பட்டது அப்போதுதான். கூட்டத்தில் பேசியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஆனது வேறு. மாவு மில் மருமகள் அவர்கள் வாசலில் நான் கால் வைத்ததும், "தே, அங்கயே நில்லு. எங்க மாமனார முழுங்கனது போதாதா?" என்றாள். செவ்வாய்க்கிழமைகளில் அத்தை கயிற்றை நனைப்பதை ஜன்னலில் நின்று பார்த்தவள் அவள். பள்ளியில் என் டம்ளரை யாரும் தொடவில்லை. தெருமுனைப் பையன்கள் "மஞ்சத் தண்ணி, மஞ்சத் தண்ணி" என்று கத்தினார்கள். பத்து நாளில் தெருவுக்குத் தான் எழுதி வைத்ததே நிஜமாகிவிட்டது. "இவ்ளோ சின்னப் பொண்ணுக்கு எப்படிப் புத்தி போச்சு பாரு" என்று எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று பேசினார்கள். நைனா கேட்டுக்கொண்டு உள்ளே போவார்.

நான் பொறுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சாட்சி ஆஸ்பத்திரியில் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு செவ்வாயும் சிரித்தவள். அவள் திரும்பி வந்ததும் நடுத்தெருவில் நின்று, "இவ இல்ல, எங்கம்மாதான்" என்பாள். அவள் சொன்னால் போதும், மற்றவர்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை என்று நாட்களை எண்ணினேன். அவள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில் என் சுயநலமும் கலந்திருந்தது.

வந்தாள். தலைமுடி உதிர்ந்து, கை குச்சியாகி, ஆனால் வந்தாள். அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து ஓடினேன். அவள் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பார்லித் தண்ணீர்.

"எல்லாரும் இன்னா சொல்றாங்கன்னு தெரியுமாடி?"

"தெரியும்."

"நீ சொல்லிடுடி. ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்ல. நீ சொன்னா நம்புவாங்க."

அவள் பாயின் ஓரத்திலிருந்த கோரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆசுபத்திரிக்கு அந்தப் பெரிய டாக்டர் வந்தாரு. எங்கிட்டயும் கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நீதான் கலந்தன்னு சொன்னேன்."



"அம்மா சொல்லிக் குடுத்துச்சா?"

"இல்ல. யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்." நிமிர்ந்து பார்த்தாள். கண் மட்டும் பழைய கண். "வேற இன்னா சொல்லச் சொல்ற? எங்கம்மாவ இட்டுகினு போயிட்டா எனக்கு யாருடி இருக்கா? ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு உங்க நைனாவே எங்கம்மாகிட்ட சொல்லிட்டாருல்ல?"

 நைனாவை மன்னிக்காமல் இருக்க முடிந்தது, இன்ஸ்பெக்டரை மன்னிக்காமல் இருக்க முடிந்தது. அவளிடம் கோபப்பட எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானும் நைனாவுக்காகத்தானே ஆமா சார் என்றேன்.

எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டேன்.

"போவாதடி" என்றாள். "தாயம் ஆடலாம், வா."

நான் படியிலேயே நின்றேன், உள்ளே போகவில்லை. அவள் சாக்குக்கட்டியால் தரையில் மெதுவாகக் கட்டம் போட்டாள்.  புளியங்கொட்டைகளை இரண்டு பக்கமும் வைத்தாள். தனக்கு ஒருமுறை தாயக்கட்டையை உருட்டினாள். நான் வருகிறேனா என்று பார்த்தாள். வரவில்லை என்றதும் எனக்கும் அவளே உருட்டினாள். என் காயை நகர்த்தினாள். அப்புறம் தன் காயை. அப்படியே ஆடிக்கொண்டே போனாள், எனக்காகவும் தனக்காகவும், விழுந்த எண்ணை எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டு. இரண்டு தடவை என் காயை வெட்ட வாய்ப்பிருந்தது. வெட்டவில்லை.

"பாரு, ஒன் காய்தான் மொதல்ல பழமாச்சு" என்றாள்.

நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.